பெரியப்பாவின் கண்

விழித்திரைக்கான புது மருந்து ஆராய்ச்சியில் நோயாளியாகச் சேர்ந்திருக்கிறேன். நர்ஸ் விட்ட சொட்டு மருந்து எரிந்ததும் எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் நடந்த கண் முகாம் ஞாபகம் வந்தது. அப்போது நான் சின்னப் பெண். பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. முகாம் நடந்ததோ காலனிப் பள்ளிக்கூடத்தில்.

“அவனுங்க குந்துற பெஞ்சுல நான் போய்க் குந்தணுமா? கண்ணே போனாலும் வரமாட்டேன்” என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

கண் போனது. அதன் பிறகும், கைபிடித்து அழைத்துப்போக யார் வந்தாலும், “நீ யாரு வூட்டுப் புள்ள?” என்று விசாரித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார் அந்தப் பெரிய மனுஷர்.

“உங்க குடும்பத்துல யாருக்காச்சும் பார்வை போயிருக்கா?” என்று இப்போது ஆராய்ச்சி டாக்டர் கேட்டார்.

“பெரியப்பாவுக்குப் போச்சு.”

“சர்க்கரையாலயா?”

“சாதித் திமிரால டாக்டர். அதுக்கும் ஒரு ஆராய்ச்சி பண்ணுங்க.”