பட்டான்செருவில் கலந்த பொடி

குகட்பள்ளியில் புதிதாகத் திறந்த காபிக் கடையின் பலகையில் 'ஸ்பெஷல் பிளெண்ட்' என்றிருந்தது. சிக்கரி தூக்கலான காபி, அவ்வளவுதான். காசு கொடுத்துவிட்ட பாவத்துக்கு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அமீர்பேட் பயிற்சி மையங்களில் பாதி வகுப்பை நேரிலும் பாதியைச் செல்போனிலும் நடத்தி 'பிளெண்டட்' என்கிறார்கள். கட்டணத்தில் மட்டும் பாதி கிடையாது. தமிழில் கலவை வேறு, கலப்படம் வேறு. 'பிளெண்ட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடையில் அரைபட்ட தூள் உதட்டில் படிந்தபோது பட்டான்செரு தொழிற்பேட்டை ஞாபகம் வந்தது. பத்திரிகைக்கு வருமுன் அங்கே மருந்துப் பொடி தயாரிக்கும் ஓர் ஆலையில் இருந்தேன். எத்தனை முறை கழுவினாலும் உதடு கசக்கும். ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆள் மருந்து நெடி தாங்காமல் மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்காருவார். அந்த நெரிசலில் அது ஒரு வசதி.

ஆலை நடுவே பொடி கலக்கும் பிளெண்டர். கால்சட்டையைத் தலைகீழாகத் தொங்கவிட்டதுபோல ஓர் எஃகுப் பாத்திரம், மெதுவாகச் சுற்றும். சோதனையில் தேறாத பொடியைத் தூக்கி எறிவதில்லை. தேறிய பொடியோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சுற்றவிட்டால் மொத்தமும் தேறிவிடும். மேனேஜருக்கு இதில் ஒரு கலைஞனின் பெருமிதம்.

சர்க்கரை நோய்க்கான பொடி ஒருமுறை தேறவில்லை. சோதனைப் பிரிவில் இருந்த ஸ்டெல்லா, செகந்திராபாத்துக்காரர், கையெழுத்துப் போட்டால்தான் கலக்கலாம். அந்த மாதம்தான் அவருடைய வேலை நிரந்தரமாவதாக இருந்தது. மேனேஜர் அதை நினைவூட்டிவிட்டுச் சிரித்தார்.

"பாயசத்துல ஒரு கல்லு உப்பு விழுந்தா யாருக்கும்மா தெரியப்போவுது?"

"நக்கோ சார், வேணாம். உங்க அம்மாவும் சுகர் மாத்திரைதான் போடுறாங்க. இந்த டப்பாலேந்து எடுத்துக் குடுப்பீங்களா?"

மேனேஜர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஷிப்டில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார், பிளெண்டர் சுற்றியது. மாதக் கடைசியில் ஸ்டெல்லாவை அனுப்பிவிட்டார்கள். குழுவோடு ஒத்துப்போகவில்லையாம். ஆட்டோவில் ஏறும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொடி ஏத்துன லாரி போயிடுச்சா?"

போய்விட்டிருந்தது.

இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேனேஜர் ஓய்வு பெற்றபோது மாலையிட்டு வழியனுப்பினார்கள். அந்தப் பொடி எந்த ஊர்களுக்குப் போனது, யார் யார் விழுங்கினார்கள் என்று கேட்டால் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.