ஏற்றத்தில் காத்திருக்காதவர்கள்

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த வேலாயுதத்தின் பேச்சுக்கு எங்கேயும் பெரிய மதிப்பு கிடையாது. வீட்டில் மனைவி மாதம்மா சொன்னதுதான் சட்டம். வேலை செய்யும் இடத்தில் சூப்பர்வைசர் சொன்னது சட்டம். ஆனால் மைசூரில் ஒரே ஓர் இடத்தில் அவர் போட்ட சட்டத்தை ஏழு பேர் ஐந்து வருடமாக இம்மி பிசகாமல் கடைப்பிடித்தார்கள். அதில் அவருக்கு உள்ளூர ரொம்பப் பெருமை. அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அது ஒரு சைக்கிள் கூட்டம். கிளப் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள், ஆனால் அதற்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரிய மணிக்கூண்டின் கீழே யார் சைக்கிளோடு நிற்கிறார்களோ அவர்கள்தான் கிளப். ஒரு வாரம் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் போவார்கள், ஒரு வாரம் நஞ்சன்கூடு ரோடு. ஒருமுறை வீறாப்பாகக் குண்டலுபேட்டைக்குக் கிளம்பிப்போய், திரும்பும்போது ஏழு சைக்கிளையும் ஏழு ஆளையும் தர்ப்பூசணி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் தவறாமல் சாமுண்டி மலை. மேலே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் காபி, அப்புறம் இறக்கம், பிறகு அக்ரஹாரத்தில் செட் தோசை. பெரிய பந்தயக்காரர்கள் யாரும் அதில் இல்லை. தொப்பையும் மூட்டுவலியும் உள்ள சாதாரண மனிதர்கள்தான்.

வேலாயுதம் அதில் சேர்ந்தது எண்பத்தெட்டில். ஹனூர் பக்கத்திலிருந்து கொத்துவேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. அவரிடம் இருந்தது பின்னால் இரும்புக் கேரியர் வைத்த, எருமை கனமுள்ள பழைய சைக்கிள். முதல்முறை மலை ஏறியபோது மற்றவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அவருக்காகக் காத்திருந்தார்கள். இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நாக்கு வெளியே தள்ள வந்து சேர்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள். அடுத்த திருப்பத்திலும் தட்டினார்கள். ஐந்து திருப்பத்தில் ஐந்து முறை. அந்தக் கைதட்டல் ஒரு மாதம் வரைக்கும் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மானம் போய்விட்டது என்று மாதம்மாவிடம் சொல்லி, இனிமேல் போகப்போவதில்லை என்றுகூட முடிவு செய்திருந்தார்.

மூன்று வருடம் கழித்து நல்ல சைக்கிள் வாங்கி, காலும் பலப்பட்டு, முதல் ஆளாக மலை ஏறத் தொடங்கியபோது அவர்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார். மலை ஏற்றத்தில் யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. முந்திப் போகும்போது அடுத்தவன் தள்ளிக்கொண்டு வருகிறானா, உட்கார்ந்திருக்கிறானா என்று கண்ணைப் போடக் கூடாது. மேலே வந்த பிறகு ஏன் நேரமாச்சு என்று கேட்கக் கூடாது. கடைசியாக வருகிறவன் வந்ததும் பேசாமல் காபியைக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். உண்மையில் அந்தச் சட்டத்தால்தான் குண்டானவர்களும் வயதானவர்களும் வெட்கமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவனுக்குக் காற்றடிக்கும் பம்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் வேலாயுதத்தோடு தமிழ் பேசுகிற ஆள் ஒருவர்தான். கேசவமூர்த்தி, ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா, ஐந்தாறு தலைமுறையாக மேலுக்கோட்டையிலும் மைசூரிலும் இருக்கிற ஐயங்கார் குடும்பம். அவர் வீட்டுத் தமிழும் வேலாயுதத்தின் தமிழும் ஒன்றையொன்று பார்த்தால் அடையாளம் தெரியாது. வேலாயுதம் அவரைச் "சாமி" என்பார், பாதி மரியாதைக்கு, பாதி கிண்டலுக்கு. அவருக்கு இவர் "வேலு". இரண்டு பேரும் சமதரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். மலை அடிவாரம் வந்ததும் பிரிந்துவிடுவார்கள்.

தொண்ணூற்றாறில், தீபாவளி முடிந்த கையோடு கேசவமூர்த்தி பின்தங்க ஆரம்பித்தார். எப்போதும் நடுவில் வருகிற மனிதர். வேலாயுதத்துக்கு வாட்ச் பார்க்கிற புத்தி உண்டு. தனக்குப் பிறகு பத்து நிமிஷத்தில் வருகிறவர் பதினெட்டு நிமிஷத்தில் வந்தார். அடுத்த தடவை இருபத்தைந்து. மார்கழி பிறந்தபோது முப்பத்தொன்று. வரும்போது முகம் வெளுத்துப்போய், உதட்டோரம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். காபியை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய், இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நிற்பார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே.

ஒருமுறை தோசைக்கடையில், தரையில்தானே இருக்கிறோம் என்ற தைரியத்தில் வேலாயுதம் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க சாமி, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"வாயு வேலு. ராத்திரி கடலக்கா ஸ்வல்ப ஜாஸ்தி ஆயிடுத்து."

"போன தடவையும் வாயுன்னுதான் சொன்னீங்."

கேசவமூர்த்தி சிரித்தார். "சட்டம் போட்டவனே இப்படிக் கேக்கப்படாதுப்பா. ஆறு நாள் எல்லாரும் எனக்கு மேல நின்னுண்டு என்னைக் கேள்வி கேக்கறா. அந்த மலையில மட்டுந்தான் எவனும் ஒண்ணும் கேக்கறதில்ல. அதையும் கெடுத்துடாதே."

வேலாயுதத்துக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டு தோசையைச் சாப்பிட்டார். ஆனால் அன்றிலிருந்து மலைமேல் காபிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சில் மனசு நிற்காது. திருப்பத்தில் கேசவமூர்த்தியின் குல்லாய் தெரியும்வரை வாட்சையும் ரோட்டையும் மாறிமாறிப் பார்ப்பார். தெரிந்ததும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் தேவராஜா மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தபோது, கேசவமூர்த்தியின் மனைவி அம்புஜவல்லி அவரைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நல்லவேளை, ஒங்களப் பாத்தேன். ஒரு விஷயம் கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கம்மா."

"ரெண்டு மாசமா நாலு தலகாணிய உசத்தி வெச்சுண்டு, ஒக்காந்த மாதிரிதான் தூங்கறார். டாக்டர் இருதயம் பலகீனமாயிருக்கு, ஏத்தமே கூடாதுன்னுட்டார். கேட்டா, நான் அடிவாரத்துல டீக்கடையில பேப்பர் படிச்சுண்டு ஒக்காந்துடறேன், அவாதான் மேல போறான்னு சொல்றார். வாஸ்தவமா?"

வேலாயுதத்துக்குக் கையிலிருந்த வெற்றிலை நழுவிற்று. அவர் பயந்துகொண்டிருந்ததெல்லாம் இப்போது ஒரு டாக்டர் சொன்ன பேச்சாகி எதிரில் நின்றது. உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிறு மணிக்கூண்டின் கீழே கேசவமூர்த்தி இருக்க மாட்டார். அந்த மலையையும் கெடுத்துவிடாதே என்று கேட்ட மனிதரை, ஒரு வெற்றிலைக்கடை வாசலில் வைத்துக் காட்டிக்கொடுப்பதா? நாக்கு தானாகப் புரண்டது.

"வாஸ்தவந்தானுங்கம்மா. கீழயே உக்காந்துக்குவாருங்க. மலைப்பக்கமே வர்றதில்லீங்க."

அம்புஜவல்லி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, நீங்க சொன்னா போறும்," என்று சொல்லிவிட்டுப் போனார். வேலாயுதம் வெற்றிலையைக்கூடப் பொறுக்காமல் அங்கேயே நின்றார். வரும் ஞாயிறு மலையில் சாமியை விட்டு ஓர் அடி நகர்வதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

அந்த ஞாயிறு பனி கொட்டிற்று. எதிரில் வருகிற பஸ்ஸின் விளக்கு பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அடிவாரத்தில் நஞ்சுண்டசாமிக்கு டயர் பஞ்சர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டரான அவர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். நீங்கள் போங்கள், ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். மற்றவர்கள் பனிக்குள் மறைந்தார்கள். வேலாயுதம் முதல் திருப்பத்தில் வேண்டுமென்றே காலை ஊன்றி நின்றார். கீழேயிருந்து முதலில் மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு கேசவமூர்த்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

"என்ன வேலு, செயின் கழண்டுடுத்தா?"

"இல்லீங் சாமி. இன்னிக்கு ரெண்டு பேரும் சேந்தே போலாமுங்."

கேசவமூர்த்தி நின்றுவிட்டார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. அதை வேலாயுதம் உடனே கண்டுகொண்டார், ஏனென்றால் எண்பத்தெட்டில் அதே முகத்தோடு அவரே அந்தத் திருப்பத்தில் நின்றிருக்கிறார்.

"ஆத்துல பேசினாளா ஒங்கிட்ட?"

"இல்லீங்."

"அப்போ எதுக்கு நிக்கறே? இன்னிக்கு நீ நிப்பே, நாளைக்கு எல்லாரும் நிப்பா. அப்பறம் நான் வரமாட்டேன் வேலு. போ. நான் வரேன்."

வேலாயுதம் பெடலில் காலை வைத்தார். போகாதே என்று உள்ளே ஏதோ சொல்லிற்று, காலோ மிதித்தது. பழகிப்போன கால். இரண்டாவது திருப்பத்தில் ஒருமுறை வேகத்தைக் குறைத்தார். தலையைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை.

மேலே காபி வந்தது. பத்து நிமிஷம். இருபது. பனி கலையவில்லை. யாரோ கிரிக்கெட் பேசினார்கள். முப்பது நிமிஷம். மேஜையில் இரண்டு டம்ளர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. நாற்பதாவது நிமிஷம் பனிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. வேலாயுதம் பாதி எழுந்தேவிட்டார். நஞ்சுண்டசாமி. கையெல்லாம் கிரீஸ் கறை.

வழக்கப்படி யாரும் ஒன்றும் கேட்காமல் காபியை நீட்டினார்கள். வேலாயுதமும் கேட்கவில்லை. இவர் அதே ரோட்டில்தான் வந்திருக்கிறார், ஏதாவது என்றால் சொல்லாமலா இருப்பார் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். இரண்டு நிமிஷம் அப்படியே போயிற்று. அந்த இரண்டு நிமிஷத்தை அவர் பிற்பாடு மறக்கவே இல்லை. பிறகு அவராலேயே தாங்க முடியாமல் கேட்டார்.

"வழியில் கேசவமூர்த்தியைப் பார்த்தீர்களா?"

கன்னடத்தில்தான் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.

"மூன்றாவது திருப்பத்துக்கு மேலே, கட்டைச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்," என்றார் நஞ்சுண்டசாமி. "என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். சட்டப்படி." சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஏதோ தட்டுப்பட்டது. டம்ளரை மேஜையில் வைத்தார்.

வேலாயுதம் இறங்கிய வேகத்தைப் பார்த்த பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். கட்டைச்சுவரருகே பால் வண்டி ஒன்று நின்றிருந்தது. வண்டிக்காரர் கேசவமூர்த்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உதட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிர் போய் அரைமணி நேரம்கூட இருக்காது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். வாட்ச் பார்க்கத் தெரிந்த மனிதருக்கு அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நஞ்சுண்டசாமியைப் பார்த்துக் கையைத் தூக்கியபோது சாமி உயிரோடு இருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

அடுத்த ஞாயிறு மணிக்கூண்டின் கீழே யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நஞ்சுண்டசாமி ஒருநாள் ஹெப்பாளுக்கே தேடிவந்து, கையைத் தூக்கிய விஷயம் மட்டும் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சிவிட்டுப் போனார். பாவம், அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம். சட்டம் அவர் போட்டதில்லையே. வேலாயுதத்துக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வா, அடித்தாலும் வாங்கிக்கொண்டு வா என்று மாதம்மாதான் தள்ளி அனுப்பினாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் போனார். அம்புஜவல்லி கூடத்தில் தனியாக இருந்தார். வேலாயுதம் உட்காரவில்லை. நின்றபடியே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மார்க்கெட்டுல உங்ககிட்ட நான் பொய் சொன்னனுங்கம்மா. அவரு ஒவ்வொரு தடவையும் மலை ஏறுனாருங்க. எனக்குத் தெரியுமுங்க."

அம்புஜவல்லி அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். அவரோட சட்டையத் தோய்க்கறவ நான்தானே, அடிவாரத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சா அவ்வளவு வேர்க்குமா? நீங்க பொய் சொல்றேள்னு ஒங்க மொகத்துலயே தெரிஞ்சுது. இவ்வளவு துணிஞ்சு பொய் சொல்றாரே, அப்போ இனிமே ஒரு அடி நகராம கூடவே இருந்து பாத்துக்கறதா முடிவு பண்ணிட்டார்னு நெனச்சுண்டேன். அந்த தைரியத்துலதான் அந்த ஞாயித்துக்கெழம காலம்பற அவருக்குக் கதவத் தெறந்து விட்டேன்."