அல்பிரட் சேர் மறைத்த சொல்

மாம்புரி ஊரில் சொல்லுக்கு வேர் தேடுகிறவர் அல்பிரட் சேர் ஒருவர்தான். தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் கதிரையை இழுத்துப் போட்டாலும், அந்தச் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

போர் முடிந்து ஐந்து வருஷம். அரச காணியில் பயிர் செய்கிறவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்க, காணி உத்தியோகத்தர் மாதா கோயில் மண்டபத்துக்கு வந்தார். அரை ஏக்கர் மணலுக்கு இருவர் நின்றார்கள். பாக்கியம்மா வன்னியிலிருந்து ஓடிவந்தவள். தேங்காய் உரித்த பொச்சை முழ ஆழத்தில் புதைத்து, மேலே எருப் போட்டு, ஈரம் நிற்காத மணலில் பதினாறு வருஷம் மிளகாய் எடுத்தவள். மற்றவர் வின்சன்ட், அல்பிரட்டின் தம்பி. தகப்பன் ஒருகாலம் அங்கே மாடு கட்டினார் என்பதுதான் அவருடைய உரிமை.

“நீங்க படிச்சவர், சொல்லுங்க சேர்” என்றார் உத்தியோகத்தர்.

அல்பிரட் எழுந்தார். காணி என்ற சொல் ‘காண்’ என்பதில் பிறந்தது, கல்வெட்டுகளில் அது வழிவழி உரிமையைக் குறிக்கும் என்றார். முன்னோர் கண்ட நிலம் வந்தவருக்கு ஆகாது என்று முடித்தார்.

“அப்ப சேர், கொத்தி எருப் போட்டு ஆக்கின நிலத்துக்கு ஒரு சொல்லும் இல்லையோ?” என்று கேட்டாள் பாக்கியம்மா.

இருந்தது. ‘செய்’. நன்செய், புன்செய் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் அவரே எழுதியது. மனிதன் உழைத்துச் செய்த நிலம் என்பதால் அந்தப் பெயர் என்று விளக்கமும் சொன்னவர். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பிடி ஒண்டும் இல்ல” என்றார் அல்பிரட்.

நிலத்தைக் கண்டுகொண்டிருந்து மட்டும் எவனும் மணலில் மிளகாய் காய்க்க வைத்ததில்லை. ஆனாலும் படித்தவன் சொன்னால் பொய்யும் சாட்சியாகிவிடுகிறது. பத்திரம் வின்சன்டுக்குப் போனது.

மூன்றாம் நாள் காலை, வெட்கம் பிடித்துத் தள்ள, அல்பிரட் அந்தக் காணிக்குப் போனார். பாக்கியம்மா பாத்திகளைப் பிளந்து பொச்சுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பள்ளிவாசல்துறையில எனக்குத் தெரிஞ்ச ஹவ்வா உம்மா ஒரு துண்டு காணி தந்திருக்கிறா. அங்கயும் மணல்தான்” என்றாள். “இது உங்கட அப்பா புதைச்ச பொச்சில்லைத்தானே, சேர்?”

அவர் ‘செய்’ என்ற சொல்லைச் சொன்னார். பொருளையும் சொன்னார். மண்டபத்தில் பேசிய குரல் இல்லை.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்.”

“நீங்கள் தெரியாமச் சொல்லிப்போட்டியள் எண்டு வீட்டில உங்களுக்காகக் கதைச்சனான்.”

அல்பிரட்டுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “உத்தியோகத்தரிட்டப் போய்ச் சொல்லுறன்.”

“சொல்லுங்கோ. வின்சன்ட் அண்ணையையும் பக்கத்தில வச்சுக்கொண்டு சொல்லுங்கோ.”

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து அடுத்த பாத்தியைப் பிளந்தாள். அவர் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.