டிரைவர் பேசாத வசனம்

சனிக்கிழமை பின்னேரம் நான்கு இருபது. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கீழ் வீட்டு மாஸ்டருடைய போனில்தான் அந்த நேரம் பதிவாகியிருந்தது. நாடக வசனங்களை வாயால் பேசிப் பார்த்து, போனில் பதிந்து, பிறகு எழுதுவதுதான் எங்கள் இருவருக்கும் வழக்கம். அன்றைய பதிவில் என் குரல் ஒரு வசனம் சொல்கிறது. அடுத்து மாஸ்டர் பேச வேண்டும். அவர் பேசவில்லை. அந்த அமைதிக்குள் எங்கள் முன் கேற் திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறது. என் மகள் வீட்டை விட்டுப் போன சத்தம் அதுதான் என்று எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது.

நடந்து சில மாதங்களாகிவிட்டன. இன்னும் அந்தப் பின்னேரத்தை என்னால் ஒழுங்காக அடுக்க முடியவில்லை. எழுதினால் தெளியும் என்று மாஸ்டர் சொல்கிறார். எழுதுகிறேன்.

எங்கள் வீடு பேராதனை வீதிக்கு மேலே, சரிவில் இருக்கிறது. கண்டியில் பக்கத்து வீடு என்றால் பெரும்பாலும் மேல் வீடு, இல்லாவிட்டால் கீழ் வீடு. என் பின்வளவும் மாஸ்டர் வீட்டுக் கூரையான கொங்கிரீட் தட்டும் ஒரே மட்டம். நடுவில் ஒரு ஆள் தாண்டக்கூடிய இடைவெளி. மேல்மாடி கட்டும் எண்ணத்தில் விட்ட கம்பிகள் அந்தத் தட்டில் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் கயிறு கட்டி அவருடைய மனைவி உடுப்புக் காயப் போடுவார். மாஸ்டர் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், தமிழாசிரியர். நான் யாழ்ப்பாணத்தான். அரச திணைக்களமொன்றில் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. மனைவி பேராதனையில் ஆஸ்பத்திரித் தாதி. ஒரே மகள், உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எடுக்கவிருந்தாள்.

நட்பு சண்டையில்தான் தொடங்கியது. எங்கள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, அவர்கள் வீட்டுக் காய்ந்த உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. மாஸ்டர் தட்டில் ஏறி நின்று சத்தம் போட்டார். நான் வளவு விளிம்பில் நின்று, நீங்கள் சொல்லுறது சரி, ஆனா சொல்லுற விதம் பிழை என்று தொடங்கி, அலுவலகத்தில் பதில் எழுதுவதைப் போலவே ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னேன். அவர் பாதியில் கோபத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் தன் பாடசாலை நாடகத்துக்கு எங்களை அழைத்தார். மேடையில் வயிற்றில் தலையணை கட்டிய ஒரு மாணவன், கிராம உத்தியோகத்தராக வந்து, நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். மண்டபம் சிரித்தது. மனைவி கண்ணீர் வரச் சிரித்தாள். மகள் என் முழங்கையை இடித்தாள். எனக்குக் கோபமா சந்தோஷமா என்று அப்போதே தெரியவில்லை.

மறுநாள் மாஸ்டர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க வாயில வர்றது எனக்கு எழுத வராதுங்க."

அவருடைய நாடகத்தில் காட்சிகள் இடம் மாறி நிற்கின்றன என்று நான் சொன்னேன். அது உண்மையாகவே எனக்கு உறுத்தியது. அப்படியென்றால் நீங்களே மாற்றித் தாருங்கள் என்றார். மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து எல்லாம் சேர்ந்துதான். காட்சிகளை அடுக்குவது நான், பேச்சு அவர். நான் பேச்சு எழுதினால் எல்லோரும் சுற்றறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். அதனால்தான் பேசிப் பதியும் பழக்கம் வந்தது. நான் வளவில் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். அவர் தட்டில், கம்பிகளுக்குப் பக்கத்தில் நிற்பார். எனக்கு ஒரு பாத்திரம், அவருக்கு ஒன்று. பெண் குரல் எல்லாம் அவருக்குத்தான். குரலை மெலிதாக்கிப் பேசும்போது கீழே குசினியிலிருந்து அவருடைய மனைவி, "இந்த வயசுல ஒங்களுக்கு இது தேவையா?" என்று கேட்பார்.

மாஸ்டருடைய தேவாலயப் பங்கு மண்டபத்தில் நத்தார்ப் பண்டிகைக்குப் போட ஒரு நாடகம் கேட்டிருந்தார்கள். மடுல்கெல்லவுக்கும் கண்டிக்கும் இடையில் ஓடும் பஸ் ஒன்றின் டிரைவர்தான் அதன் நாயகன். அவனுடைய ஒரே மகள். வெளிநாட்டில் வேலை கிடைத்தும் மகளின் படிப்புக்காக அவன் போகாமல் விட்டுவிடுகிறான். அவள் சோதனையில் தவறிவிட்டு, அதை அவனிடம் சொல்ல வருகிறாள். அந்தக் காட்சியில் நான் டிரைவர், மாஸ்டர் மகள். டிரைவர் தோட்டத்து ஆள் என்பதால் நான் மலையகப் பேச்சில் பேச வேண்டும். அது எனக்குச் சரியாக வராது. "வாங்க, போங்க" என்று இழுப்பேன். "ஆமா" வர வேண்டிய இடத்தில் எங்கள் யாழ்ப்பாணத்து "ஓம்" விழுந்துவிடும். மாஸ்டர் நிறுத்தித் திருத்துவார். மகள் வீட்டில் இருந்தால் யன்னலுக்குள் இருந்து சிரிப்பாள். எங்களோடு யாழ்ப்பாணப் பேச்சும் வெளியே கண்டிப் பேச்சும் பேசி வளர்ந்தவள் அவள். இரண்டும் அவளுக்குச் சுத்தமாக வரும். "அப்பா, உங்கட டிரைவர் லைசன்ஸ் இல்லாமல் ஓடுறார்" என்பாள்.

அன்று அவள் நகரத்தில் ரியூசனில் இருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். படிப்பிக்கிற சேருக்குக் காய்ச்சல் என்று வகுப்பு நடக்கவில்லை. முன்பக்கத்தால் அவள் வீட்டுக்குள் வந்தது பின்வளவில் இருந்த எங்களுக்குத் தெரியாது.

மாஸ்டர் மகளின் குரலில், சோதனை சரிவரவில்லை என்று சொல்லிவிட்டு நின்றார். அதற்கு டிரைவர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீரைக் குடிப்பதாகத்தான் நான் காட்சியை அடுக்கியிருந்தேன். ஆனால் நான் பேசினேன்.

"உனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டனான். நீ பிறக்காமல் இருந்திருந்தா நான் இப்ப எங்கேயோ இருந்திருப்பன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மழை தூறத் தொடங்கியது. அவர் உடுப்புகளை எடுக்கப் போனார். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். விறாந்தையில் மகளுடைய புத்தகப் பை இருந்தது. போன் பைக்குள் இருந்தது. குடை இல்லை, செருப்பு இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக் கேத்திலை அடுப்பில் வைத்தேன். அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். அது ஆறிய பிறகும் அவள் வரவில்லை. மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் போனைக் கொண்டு வந்து பதிவைப் போட்டார். கேற் சத்தம் வந்ததும் இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். திரும்பவும் போட்டுக் கேட்டோம், ஏதோ இரண்டாம் தடவை அந்தச் சத்தம் வராது என்பதுபோல.

மனைவிக்குப் போன் எடுத்தேன். வார்டில் நின்றாள். ஏன் போனாள் என்று கேட்டாள். ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டாள் போல என்றேன்.

"என்ன வசனம்?"

சொன்னேன். மறுமுனையில் கட்டில் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இஞ்சாருங்கோ, அது நாடகத்தில ஆர் சொல்லுறது?"

டிரைவர் என்றேன். மாற்று ஆள் வரும் வரை வார்டை விட்டு அசைய முடியாது, தேடுங்கோ என்று வைத்துவிட்டாள்.

மாஸ்டருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். ரியூசன் கட்டடம் பூட்டியிருந்தது. கீழே இருந்த போட்டோக் கொப்பிக் கடைக்காரர் பிள்ளைகள் மூன்று மணிக்கே போய்விட்டார்கள் என்றார். அவளுடைய சிநேகிதி வீட்டிலும் அவள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஒரு கொண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். நான் அடுத்த பஸ்ஸுக்குப் போனேன். வாவிக்கரையால் ஒரு சுற்று வந்தோம். குடைகளுக்குக் கீழே எல்லாப் பெண்பிள்ளைகளும் என் மகள் போலவே நடந்தார்கள். தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

மாஸ்டர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

கேட்கச் சொன்னேன்.

"அவளுக்கு நாம நாடகம் பேசுறோம்னு தெரியும். தெனம் கேக்கிறவதானே. ஆனா டிரைவர் அப்புடிப் பேச மாட்டான், சார். அது உங்க பேச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விட்டனான், இருந்திருப்பன்: இரண்டும் யாழ்ப்பாணப் பேச்சு. டிரைவரின் பேச்சில் தடுக்கி விழாமல் வந்த ஒரே வசனம் அதுதான். இழுக்கவில்லை, மாஸ்டர் திருத்த இடம் வைக்கவில்லை. யன்னலுக்கு உள்ளே நின்றவளுக்கு அது யார் பேச்சென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு மாஸ்டர் மேல் கோபம் வந்தது. உங்கட நாடகத்தாலதான் இவ்வளவும் என்றேன். நீங்கள் அண்டைக்கு வாழைப்பழத்தோட வராமல் இருந்திருந்தா என் வீடு நிம்மதியாக இருந்திருக்கும் என்றும் சொன்னேன். "ஏறுங்க சார், ரயில் ஸ்டேஷன்லயும் ஒருக்கா பாத்துடுவோம்" என்றார். நனைந்த அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தபோது, ஒருவரைத் திட்டிவிட்டு அவரையே பிடித்துக்கொண்டு போகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அது என் மனதில் இருந்ததா? என் அண்ணன்மார் எல்லோரும் கனடாவில் இருக்கிறார்கள். எனக்கும் ஒரு தடவை அங்கே போக எல்லாம் சரிவந்தது. மகள் அப்போது கைக்குழந்தை. நான் போகவில்லை. குளிர் ஒத்துவராது என்று எல்லோருக்கும் சொன்னேன். மனைவிக்கும் அதைத்தான் சொன்னேன். காலப்போக்கில் நானும் அதைத்தான் நம்பினேன். டிரைவருக்கு வெளிநாட்டு வேலை என்று கதையில் சேர்த்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். மாஸ்டர் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நான்தான் சேர்த்தேனோ என்று தோன்றியது. மாஸ்டரைக் கேட்டால் சொல்வார். இன்றுவரை கேட்கவில்லை. வேறொன்றும் உண்டு: மகள் மேல் எனக்குக் குறை இல்லை. சத்தியமாக இல்லை. அப்படியானால் அந்த வசனம் எதிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது?

ஸ்டேஷனிலும் அவள் இல்லை. பொலிசுக்குப் போவோமா என்று பேசிக்கொண்டு நின்றபோது மனைவி போன் எடுத்தாள். "என்னோட நிக்கிறாள். வாறம்." அவ்வளவுதான். பிறகுதான் முழுவதும் தெரிந்தது. மகள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள். உள்ளே போகாமல், தாய் வேலை முடிந்து வரும் வரை, கேற்றுக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிடத்தில் இருந்திருக்கிறாள். நகரம் முழுவதும் அலைந்த நாங்கள் அந்தத் திசையைப் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து விறாந்தையில் காத்திருந்தோம். மாஸ்டருடைய மனைவி துவாய்களும் சுடச்சுடத் தேத்தண்ணீரும் கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மாஸ்டர் போனை எடுத்து அந்தப் பதிவை அழித்துவிடவா என்று கேட்டார். ஓம் என்றேன். வேண்டாம் என்றேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அது நாடகம் என்பதா, மன்னித்துக்கொள் என்பதா? எதை முதலில் வைத்தாலும் மற்றது பொய்யாகியது. காட்சிகளை அடுக்குவது நான்தான் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவன், இரண்டே இரண்டு சொற்களை அடுக்க முடியாமல் இருந்தேன்.

முச்சக்கர வண்டி வந்து நின்றது. மனைவி தாதியுடுப்போடு இறங்கி, என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். மகள் நனைந்த குடையை மடித்துக்கொண்டு படியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. நான் எழும்பினேன்.

அவள் மாஸ்டரைத்தான் முதலில் பார்த்தாள்.

"அங்கிள், நான் ஒண்டும் கேக்காமல் போயிட்டன். நாடகத்தில அந்த மகளைப் போக விடாதேங்கோ. நிண்டு கேக்கட்டும்."

மாஸ்டர் தலையாட்டினார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"நான் பிறக்காமல் இருந்திருந்தா, நீங்கள் இப்ப எங்கயப்பா இருந்திருப்பீங்கள்?"