அக்கா போகாத ஆபரேஷன்

முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று ஓராண்டு காத்திருந்தேன். அடங்கவில்லை. அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் அக்கா வடக்கனந்தலில், சொந்த நிலமில்லாத வீட்டில் பிறந்தார். அம்மா தவறியபோது அவருக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நான்கு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நடவுக்குப் போனார். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது அவர் கூலியில்தான். கச்சிராயபாளையத்தில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு கரும்பு வெட்டப் போனார். கரும்பின் காய்ந்த சோகை கிழித்த கைகளோடு வந்து எல்லோருக்கும் சோறாக்கிப் போட்டார். யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அந்தக் குணத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறீர்கள். எதிர்த்துப் பேசத் தெரிந்திருந்தால் இன்றும் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடது மார்பில் கட்டி வந்தபோது அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. கட்டி பெரிதாக இருந்ததால் அதைச் சுருக்க முதலில் ஊசி, அப்புறம் ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் முடிவு செய்தார்கள். கூடப் போனது நான். சதைப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா என்னிடம் சொன்னார்:

"மார்புல வர்ற புத்துநோய் எல்லாம் ஒண்ணு இல்லம்மா. சில வகை ஊசி போட்டா வேகமா கரையும். உங்க அக்காவுக்கு ஹார்மோனால வளர்ற வகை. இது பெரும்பாலும் முழுசா கரையாது. கொஞ்சம் சுருங்கினாலே போதும். ஆபரேஷனும், அதுக்கப்புறம் பல வருஷம் தினமும் போடுற மாத்திரையும்தான் இதுக்கு முக்கியம். கரையலன்னு பயந்து நின்னுடாதீங்க."

ஊசி போடும் நாள்களில் பக்கத்துப் படுக்கையில் களமருதூரைச் சேர்ந்த ஒரு பெண் இருப்பார். இருவருக்கும் ஒரே சிவப்பு மருந்துதான் இறங்கும். அவருக்கு வந்தது வேறு வகை. நான்காவது ஊசிக்குள் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போய்விட்டது. அக்காவுக்கு எட்டு ஊசி முடிந்தும் சற்றுதான் சுருங்கியிருந்தது. டாக்டர் அம்மா சொன்னபடியே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

அந்த வாரம் மாமாவின் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"களமருதூர் பொம்பளைக்கு நாலு ஊசியில போயிடுச்சாம். இதுக்கு எட்டு போட்டும் அப்பிடியே நிக்குது. ஊசிக்கே கேக்கல, கத்திக்கு இன்னா கேக்கப் போவுது?"

"அது வேற வகைங்க. டாக்டரு மொதல்லயே சொன்னாங்க" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மருந்து. இதுல இன்னா வகை?"

அவர் மனைவி அதற்கும் மேலே போனார். "மனசுல எதையாவது வச்சிக்கினு புழுங்கிக்கினு இருந்தா எப்பிடிக் கரையும்?"

மாமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். முடி கொட்டிய தலையில் துண்டு கட்டியிருந்த அக்கா, என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "நான் இன்னாடி பாவம் பண்ணேன்? எனக்கு மட்டும் ஏன் கரையல?"

நான் அந்த ஒரு முறைதான் பேசினேன். கத்தியிருக்க வேண்டும். அக்காவின் கையைப் பிடித்து டவுன் பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டும். உங்கள் மேல் இருக்கும் அதே கோபம் என் மேலும் எனக்கு இருக்கிறது.

ஆபரேஷன் தேதியன்று மாமா வீட்டார் அக்காவைக் கல்வராயன் மலையில் வேர் மருந்து கொடுக்கும் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "டாக்டரு தேதி குடுத்திருக்காங்கல்ல, அங்க போங்க. இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்று திருப்பி அனுப்பினார். அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். மலையிலிருந்து இறங்கி, கட்டியின் மேல் பச்சிலைப் பத்துப் போடுகிற வேறோர் ஆளைத் தேடிப் பிடித்தார்கள்.

எட்டு மாதம் கழித்து அக்காவால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. "அன்னிக்கு ஏன் வரல?" என்று டாக்டர் அம்மா கேட்டார். அக்காதான் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்: "கரையலைங்களே."

அப்போது ஆரம்பித்த அந்தத் தினசரி மாத்திரைகூட ஓராண்டுக்கு மேல் அவரை உயிரோடு வைத்திருந்தது. அந்த நோய்க்கு மருந்து இருந்தது.

காரியத்துக்குக் களமருதூர்ப் பெண்ணும் வந்திருந்தார். அவரைப் பார்த்து மாமாவின் அண்ணன், "இதுக்குக் கரைஞ்சிடுச்சி, பொழைச்சிக்கிச்சி" என்றார். அந்தப் பெண் நின்று திரும்பினார்.

"கரைஞ்ச பின்னாடியும் எனக்கு ஆபரேஷன் பண்ணாங்க. உள்ளார மிச்சம் கீதான்னு எடுத்துப் பாத்தாதான் தெரியும்னாங்க. கரைஞ்சதையே வுடல. கரையாததை நீங்க எப்பிடிங்க வுட்டீங்க?"

நேரம் ஒதுக்கி விளக்கிய டாக்டர் அம்மாவுக்கும், ஒவ்வொரு முறையும் பொறுமையாக நரம்பு தேடி ஊசி போட்ட நர்ஸுக்கும், உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பிய மலைக்காரருக்கும், இரண்டு பஸ் மாறி வந்த களமருதூர்ச் சகோதரிக்கும் எங்கள் நன்றி. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல இன்னும் எனக்கு மனம் வரவில்லை. மாமா இதைப் படித்துப் பார்த்தார். பிறகு, "ஒரு வார்த்தையும் எடுக்காத, அப்பிடியே போடு" என்றார்.

இந்த நினைவு அட்டையில் அச்சடிக்க, 'நோயோடு போராடித் தோற்று இறைவனடி சேர்ந்தார்' என்று சிலர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வரியை அடித்துவிட்டேன். அக்கா எட்டு ஊசிக்கும் ஒரு நாள் தவறாமல் போனார். நிறுத்தியது நாம்.

— தங்கை