பெட்டியின் முதுகு

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் கண்ணாடிப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். உள்ளே விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, அவ்வளவுதான். என் அக்கா மட்டும் பெட்டியைத் திருப்பி வைத்து, அந்தப் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, முதுகைப் பார்ப்பாள். மதர்போர்டுக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கும். ஒயர்கள் எல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் ஓட வேண்டும். அதை எங்கள் கடையில் முதுகு என்போம். அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான்.

சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். பின்னி முடித்தால் என் புருவம் இரண்டும் மேலே ஏறி நிற்கும். நாள் முழுக்க எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் மாதிரி வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். "வலிக்குதுக்கா" என்றால், "வலிச்சாதான் சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்பாள். என் தலைமுடிக்குக் காட்டாத இரக்கத்தை எல்லாம் பிற்பாடு ஒயருக்குக் காட்டினாள். தடித்த ஒயரை முதலில் போடுவாள், மெல்லியதை அதன்மேல் படுக்க வைப்பாள், எதையும் இழுத்துப் பிடித்துக் கட்ட மாட்டாள். ஒயரை இறுக்கி வாலை வெட்டி விடுகிற பிளாஸ்டிக் டை அவளுக்கு ஆகவே ஆகாது. பிரித்துக் கட்டக்கூடிய துணிப்பட்டைதான். தெருவில் அவளுக்கு ஒயர் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்துப் பின்பக்க ஃபேனுக்கு நேரே பிடிப்பாள். காகிதம் வெளியே பார்த்துப் படபடவென்று அடித்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். "முன்னாடி வர்ற காத்து பின்னாடி போகணும். நடுவுல எவனும் குறுக்க நிக்கக் கூடாது" என்பாள். அப்புறம் உள்ளே ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவாள். 'பொருத்தியவர்' என்று போட்டு, கீழே அவள் பெயர் இருக்கும். அந்த யோசனை மாமாவுடையது.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கடையில் வாய் அவர், கை அக்கா, பில் போடுகிறவள் நான். மாமா பேசினால் தேன் ஒழுகும். ஓட்டைப் பெட்டியைக்கூட ஒருவரைக் கும்பிட்டு வாங்க வைத்துவிடுவார். இடது கைக்காரர். அவர் கத்திரிக்கோலை எடுத்தால் பக்கத்தில் நிற்கிற நாங்கள் சட்டென்று ஒதுங்கிக்கொள்வோம், எந்தப் பக்கம் வெட்டுவார் என்றே தெரியாது. அக்கா முதுகில் நேரம் செலவழிக்கும்போதெல்லாம், "பின்னாடி யாரு பாக்கப் போறா?" என்று கிண்டல் செய்வார். அக்கா நிமிராமலே, "காத்து பாக்கும்" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன், என்னைச் சொல்ல வேண்டும்.

கட்டட வரைபடம் போடுகிற அலுவலகம் ஒன்று எங்களிடம் கம்ப்யூட்டர் கேட்டது. அங்கே எந்திரங்களுக்கு ஓய்வே கிடையாது, நாள் முழுக்கச் சூடேறிக்கொண்டே இருக்கும். முதலில் கேட்ட பெட்டிகள் நன்றாக அமைந்தால், அவர்களுடைய எல்லாக் கிளைகளுக்கும் பொருத்துகிற வேலையும் பராமரிப்பும் அக்கா பெயருக்கே வரும் என்று அங்கிருந்த மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். கடைக்கு இல்லை, அக்கா பெயருக்கு. அதைக் கேட்ட அன்று அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்ட முதல் இடம் அது.

முதல் இரண்டு பெட்டிகளை முடித்திருந்தாள். அந்த வாரம் மாமாவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கவனிக்க ஆள்? மாமாவுக்குக் கடை இருக்கிறதாம். அக்காதான் போனாள். டாக்டர், "திருப்பித் திருப்பிப் படுக்க வைங்க, முதுகுக்குக் காத்து படணும், இல்லேன்னா புண்ணு வந்துடும்" என்று சொல்லியிருந்தார். அக்கா அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். துடைப்பாள், பவுடர் போடுவாள், திருப்புவாள், தலையணையை இடம் மாற்றி வைப்பாள். அந்த அம்மா வலியில் வாய்க்கு வந்தபடி திட்டுவார். "சரி அத்தை, சரி அத்தை" என்று வாங்கிக்கொள்வாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

மீதிப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டபோது மாமா சொன்னார், "நீ ஒண்ணும் கவலைப்படாதே. வெளியில ஒரு ஆளைப் பிடிச்சிருக்கேன். அப்படியே உன்னை மாதிரியே கட்டுறான்." அக்கா நம்பினாள். நானும் நம்பினேன். அந்த ஆள் கடைப் பக்கம் ஒரு தடவைகூடத் தலைகாட்டவில்லையே என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கம்ப்யூட்டர்கள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வேலை நடக்கும்போதே எந்திரங்கள் அணைந்து அணைந்து போகின்றனவாம். மாமா வெளியே போயிருந்தார். நான் அக்காவை வரவழைத்து நேராக அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம், "ஒருவேளை நான் செஞ்சதுதான் போயிடுச்சோ? அத்தையை நெனச்சுக்கிட்டே எதையாவது விட்டுட்டேனோ?" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

மேலாளர் அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். பரிதாபமாகப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் முன்னாடியே போன்ல எல்லாம் சொன்னாரு. உங்களுக்கு உடம்பு சரியில்லையாம், கை நடுக்கமாம். வேலையில கவனமும் போயிடுச்சுன்னு வருத்தப்பட்டாரு. பரவாயில்ல, இனிமே பராமரிப்பை அவர் பேருக்கே எழுதச் சொல்லியிருக்காரு."

அக்கா தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, யாரோ ஒருத்தியின் கைகளைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அணைஞ்சு போற பெட்டியை மட்டும் எனக்குக் காட்டுங்கம்மா" என்றாள்.

கண்ணாடிப் பக்கம் அப்பழுக்கில்லை, வரிவரியாக, அழகாக இருந்தது. உள்ளே அவள் பெயர்ச் சீட்டும் இருந்தது. அக்கா பெட்டியைத் திருப்பி முதுகுத் தகட்டைக் கழற்றினாள். அடைத்து வைத்திருந்த ஒயர்கள் பொத்தென்று வெளியே வந்து தொங்கின. பழைய துணியைப் பெட்டியில் திணிப்பதுபோலத் திணித்திருந்தது. மேலே காற்று போகிற ஓட்டையில் பாதியை ஓர் ஒயர்ச் சுருள் அடைத்துக்கொண்டிருந்தது. எல்லாமே பிளாஸ்டிக் டை. வாலைச் சாய்வாக வெட்டி விட்டதில் ஒரு முனை அக்காவின் விரலைக் கிழித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டே டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா வாலும் இடது பக்கம் பார்த்து இழுபட்டிருந்தது.

வலது கைக்காரர் எவரும் அப்படி இழுக்க மாட்டார். வெளி ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, மாமாவேதான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை நான் யார் முகத்திலும் பார்க்க விரும்பவில்லை.

அவள் திரும்பவும் பெட்டிப் பக்கம் குனிந்தாள். டைகளை வெட்டினாள், ஒயர்களை அவிழ்த்தாள், தன் பையிலிருந்த துணிப்பட்டையை எடுத்துப் பழையபடி படுக்க வைத்தாள். காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தாள். அது வெளியே பார்த்துப் படபடத்தது. மேலாளர் அம்மா அவள் கையையே கவனித்துக்கொண்டிருந்தவர், "கை நடுங்கலையே" என்றார் மெதுவாக.

"இல்லம்மா. இதுக்கு முன்னாடி இருந்தது என் கை இல்ல" என்றாள் அக்கா.

கடைக்கு வந்தோம். மாமா கல்லாவில் இருந்தார். அக்கா வெட்டி எடுத்த டைகளை அவர் முன்னால் கொட்டினாள். அவர் முதலில் சிரித்துப் பார்த்தார். அப்புறம் அவசரம் என்றார், கெடு என்றார். கடைசியில், "இப்ப என்ன ஆயிடுச்சு? ரெண்டும் ஒரே கடைதானே? உன் பேரு, என் பேருன்னு ஏன் பிரிச்சுப் பேசுறே?" என்று அவள்மேலேயே பாய்ந்தார்.

"பச்சைப் பொய் சொல்லிட்டு வாய் வேறயா உங்களுக்கு!" என்று நான் கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் உங்க அம்மா முதுகுக்குக் காத்துக் காட்டிக்கிட்டு இருந்தேங்க" என்றாள். "நீங்க என் முதுகுல குத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

அக்கா இழுப்பறையைத் திறந்து தன் பெயர்ச் சீட்டுகளை எல்லாம் எடுத்தாள். அலமாரியில் விற்பனைக்கு நின்ற பெட்டிகளைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். மாமா பதறிப் போய் எழுந்தார்.

"ஏய், இதுல எல்லாம் அப்புறம் என்னத்தை ஒட்டுறது?"

"உங்க பேரை ஒட்டுங்க."

"என் பேரைப் பாத்து யாரு வாங்குவா?"

சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. நான் சிரித்திருக்க வேண்டியது, சிரிப்பு வரவில்லை.

அக்கா கருவிப் பையை மாட்டிக்கொண்டாள். "அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாச்சு. இனிமே நீங்க போங்க. மெதுவா, இடுப்பைப் பிடிச்சு. தெரியலேன்னா அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

இப்போது அந்த அலுவலகத்து வேலை அவள் பெயரில்தான் நடக்கிறது. என் வீட்டு முன்னறையில் மேசை போட்டிருக்கிறாள். அதெல்லாம் பிறகு வந்தது. அன்று தெருமுனை வரைக்கும் நடந்து வந்தவள், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் கிழிந்த விரலைப் பார்த்துக்கொண்டே உடைந்து அழுதாள்.

"பின்னாடி யாரு பாக்கப் போறான்னு அவர் சொல்லும்போதெல்லாம் சிரிச்சேனேடி" என்றாள். "ஒயரைச் சொல்றார்னுதானே நெனச்சேன்."