நாலு மணிக்குப் பாடாத வீதி

மாத்தளையில் நாங்கள் குடியிருந்த வீதியில் பின்னேரம் நாலு மணிக்கு எந்த வீட்டு ரேடியோவும் பாடாமல் போனதற்கு நான்தான் காரணம். அதை அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் டவுன் பாடசாலை ஒன்றில் கணக்கு ஆசிரியர். நாலு மணிக்குத்தான் ரேடியோவில் நேயர்களின் பெயர்களை வாசித்து அவர்கள் கேட்ட பாட்டைப் போடுவார்கள். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் ரேடியோவுக்கு முன்னால் நிற்பார்கள். தங்கள் பெயர் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் யாருடைய பெயர் வந்தது என்று மறுநாள் வகுப்பில் பேசுவார்கள்.

முதலில் என்னிடம் வந்தவர் அடுத்த வீட்டு மிளகு வியாபாரி. எங்கள் வீதியில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம்.

"மாஸ்டர், என்ட மகனுக்கு என்னமோ பிடிச்சிருக்கு. குசினியில நின்டுகொண்டு மொளகாய் டின்னப் பார்த்து 'அடுத்த விருப்பம் தம்புள்ளையிலிருந்து' என்டு சொல்றான். அவன்ட உம்மா சிரிக்கிறா. நான் அழுறதா சிரிக்கிறதா?"

"ரேடியோவைப் பூட்டி வைங்க."

"பூட்ட எங்க பூட்டு இருக்கு? நான் கடையில, அவன் வீட்டுல."

திருப்புளியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ரேடியோவின் பின் மட்டையைக் கழற்றி பல்பு போன்ற ஒரு வால்வை உருவி அவர் கையில் கொடுத்தேன்; அது இல்லாமல் ரேடியோ பாடாது. "காலையில கடைக்குப் போறப்போ சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போங்க. ராத்திரி செய்திக்கு மாட்டிக்கோங்க." அந்தத் தவணைப் பரீட்சையில் பையன் கணக்கில் தேறினான். அந்தச் செய்தி வீதி முழுவதும் பரவிற்று. பாடசாலையில் பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ரேடியோவும் பிள்ளைகளும் என்று நீளமாகப் பேசினேன். பின் வரிசையில் இருந்து ஒரு தாய் கேட்டாள்:

"பிள்ளைக்குப் பாட்டு வேணாம், சரிங்க மாஸ்டர். வீட்டுக்காரருக்குச் செய்தி மட்டும் வேணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதத்திலேயே எங்கள் வீதியில் ரேடியோ வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் தகப்பன்மார் பையில் கைக்குட்டையில் சுற்றிய வால்வுடன் வேலைக்குப் போனார்கள். என் பையிலும் ஒன்று இருந்தது. ஊருக்குச் சொன்னவன் தன் வீட்டில் செய்யாமல் இருக்க முடியுமா?

என் ஒரே மகள் அப்போது பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சிநேகிதி. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து அதே வகுப்பில் படித்தவள். அந்தக் குடும்பம் இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பெயர் கொடுத்திருந்தது. பாஸ்போர்ட் வந்ததும் வருஷ நடுவிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். பஸ் நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்த மகள் அன்று சாப்பிடவில்லை. பரீட்சைக் காலத்தில் இது என்ன என்று நான் முகம் சுளித்தேன்.

இந்தியாவில் போய் இறங்குகிறவர்களை முதலில் தங்கவைக்கும் மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் அதை என் முன்னாலேயே வாசித்துக் காட்டினாள். முகாம் வாசலில் ஒரு டீக்கடை இருக்கிறதாம். அங்கே நம் நாட்டு ரேடியோ நன்றாகக் கேட்கிறதாம். இரண்டு பேர் பெயரையும் போட்டுப் பாட்டு கேட்டு எழுதியிருக்கிறாளாம். "நீ அங்க கேளு, நான் இங்க கேக்குறேன். கேட்டவுடனே ஒரு வரி எழுது. எங்களை எந்த ஊருக்கு அனுப்புவாங்கன்னு தெரியாது. இங்க இருக்குறதுக்குள்ள உன் கடிதம் வந்துட்டா, போற ஊர் விலாசத்தை உனக்கு எழுதுவேன். வரலேன்னா நீ என்னை மறந்துட்டேன்னு வச்சுக்குவேன்." கடைசி வரியை வாசிக்கும்போது மகள் சிரித்தாள். அது விளையாட்டுக்கு எழுதியது என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அப்பா, நாலு மணிக்கு மட்டும். பேர் வாசிச்சதும் நானே நிப்பாட்டிருவேன்."

"என்னைக்கு வாசிப்பாங்கன்னு தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"அப்போ தினமும் கேக்கணும். பரீட்சை முடியட்டும்."

"அதுக்குள்ள அவங்க அங்க இருந்து போயிருவாங்கப்பா."

"என் வீட்டுலயே பாட்டு கேட்டா, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?"

"சரி, அவங்க வீட்டுல போய்க் கேக்குறேன்."

குசினியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "அங்க எப்படிக் கேப்பே? அந்த வீட்டு ரேடியோவையும் உங்கப்பாதானே ஊமையாக்கினாரு."

மகள் என்னையே பார்த்தாள். நான் பத்திரிகையை விரித்தேன். அன்று இரவு செய்தி நேரத்துக்கு வால்வை மாட்டினேன். அவள் அடுத்த அறையில் கேத்திர கணிதம் போட்டுக்கொண்டிருந்தாள். செய்தியைக் குறைவான சத்தத்தில் வைத்துக் கேட்டேன். அதை அவளுக்குச் செய்த பெரிய சலுகையாக நினைத்துக்கொண்டேன்.

கடைவீதியில் ஒரு தையற்காரர். அவர் கடையில் ரேடியோ காலையிலிருந்து பாடும். அவரையும் ஒருநாள் பிடித்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். "என் பிள்ளைங்க படிக்குதோ இல்லையோ, பாட்டு இல்லாட்டி எனக்கு மெசின் ஓடாது மாஸ்டர்" என்று அனுப்பிவிட்டார். ஒரு காலை நான் பாடசாலைக்குப் போகும்போது அவர் கடை வாசலுக்கு ஓடி வந்தார்.

"மாஸ்டர்! நேத்து மகளோட பேரு வந்துச்சே! மண்டபத்துலருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கு. உங்க பேரு, ஊரு, எல்லாம் சுத்தமா வாசிச்சாங்க. நான் மெசினை நிப்பாட்டிட்டுக் கேட்டேன். பாப்பா கேட்டுச்சா?"

"கேட்டா" என்றேன்.

"சந்தோசப்பட்டிருக்குமே!"

"ஆமா."

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். மகள் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவாள், படிப்பு கெடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. அவள் கேட்க விரும்பியது வந்து போய்விட்டது, அதை அவளுக்கு இல்லாமல் செய்தது நான் என்பதை என் வாயால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு வரி எழுதுவதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதை நான் அன்று யோசிக்கவே இல்லை. கணக்கு வாத்தியார்.

பரீட்சை முடிந்த மறுநாள், அப்போதுதான் கேள்விப்பட்டதுபோலச் சொன்னேன். "போன கிழமை உன் பேர் வந்துச்சாம்." அவள் துள்ளி எழுந்து அன்றே எழுதினாள். கடிதம் போய், சில வாரங்கள் கழித்து, ஆள் அங்கே இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. அந்தச் சிநேகிதியிடமிருந்து அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. என் மகள் மறந்துவிட்டாள் என்று அவள் நினைத்திருப்பாள். வேறு எப்படி நினைப்பாள்?

பொங்கலுக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் தையற்காரர் எல்லாவற்றையும் மகளிடம் சொல்லியிருக்கிறார். பாட்டு வந்தது எப்போது, மறுநாளே எனக்குச் சொன்னது, நான் சொன்ன பதில், எல்லாம். அவர் பெருமையாகச் சொல்லியிருப்பார், பாவம். அவள் வீட்டுக்கு வந்து துணிப் பையை மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சும் சொல்லலியாப்பா?"

"உன் நன்மைக்குத்தான்மா."

"நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கீங்க."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. என் மனைவிதான் அழுதாள்.

அவள் பரீட்சையில் மிக நன்றாகத் தேறினாள். மேலே படித்தாள், உத்தியோகம் பார்த்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு பேனா வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. வேண்டியதை அம்மாவிடம் சொன்னாள், அம்மா போன பிறகு தானே பார்த்துக்கொண்டாள். இப்போது பெற்றோர்கள் கைத்தொலைபேசியைப் பற்றிப் புலம்பி, நீங்கள் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மகளின் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது வீதியே என் முறையைப் புகழ்ந்தது. தன் வீட்டில் செய்து காட்டிவிட்டார் என்றார்கள். பக்கத்து ஊரான பலாபத்வலையிலிருந்து ஒரு தகப்பன் என்னைத் தேடி வந்தார். கதவைத் திறந்தது மகள்.

"மாஸ்டர் இருக்கிறாரா? எங்க வீட்டு ரேடியோவையும் ஒருக்காப் பார்க்கணும்."

"உள்ள இருக்காங்க, வாங்க" என்றாள் அவள். பிறகு அமைதியாகக் கேட்டாள்: "அங்கிள், கழட்டுறதுக்கு முன்னாடி, உங்க பிள்ளை என்ன கேக்கக் காத்திருக்குன்னு அதுகிட்ட கேட்டீங்களா?"

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். உள்ளே இருந்து எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முடியாது என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஏன் என்று கேட்பாரே. திருப்புளியை எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் பஸ்ஸுக்குப் போனேன்.